ஆடியின் பள்ளம்: வாகன விற்பனையும் காலம் பற்றிய சமயக் கேள்வியும்

காலம் எல்லா நாளிலும் ஒரே தன்மையுடையதா, அன்றி ஏற்றது, ஏலாதது என்ற வேறுபாடு அதனுள் இயல்பாகவே அமைந்துள்ளதா என்பது பெருஞ்சமயங்கள் அனைத்தும் ஏதோ ஒரு கட்டத்தில் விடைகூற வேண்டியிருந்த வினாவாகும். நூல்களை எதிரெதிரே வைத்து இவ்வினாவை ஆராய்வதே வழக்கமெனினும், நம்பிக்கை வாயால் சொல்லப்படும்போது ஒரு வடிவும் கைப்பொருள் செலவாகும்போது வேறொரு வடிவும் கொள்வதுண்டு என்பதால், மக்கள் பணத்தை எடுக்கும் நாள்களையும் எடுக்க மறுக்கும் நாள்களையும் பார்ப்பது பயனுடையது. அதற்கு வாகன விற்பனையின் மாதாந்தக் கணக்கைப் போல ஏற்ற சான்று அதிகம் இல்லை. வீடு, காணி என்பவற்றுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெருஞ்செலவு வாகனமே. அரிசியையும் மருந்தையும் போல அன்றைக்கே வாங்கியாக வேண்டியதன்று. ஒரு மாதம் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் குடி முழுகிப் போவதில்லை. எனவே எந்த நாளில் வாங்குவது என்ற தெரிவில் வாங்குபவரின் மனம் வெளிப்படையாகத் தெரிகிறது.

இலங்கையில் இக்கணக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் புதிய பதிவுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார், வான், பஸ், லொறி, உழவு இயந்திரம் என வகை பிரித்து எண்ணப்படும் இப்பதிவுகளில், யப்பானிய வீதிகளில் இரண்டொரு ஆண்டு ஓடிய காரும் இந்நாட்டில் முதன்முறை பதிவாகும்போது புதியதாகவே சேர்கிறது. இது கணக்கெடுப்பின் குறையாகத் தோன்றலாம். ஆயினும், இல்லாதது தோன்றாது, உள்ளதே வேறொரு நிலையில் வெளிப்படுகிறது என்று கொள்ளும் சற்காரியவாதத்தை, அதாவது காரியம் காரணத்தினுள் முன்னரே உள்ளது என்னும் கொள்கையை, ஏற்றுக்கொண்ட சைவ சித்தாந்திக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு பொருளின் புதுமை அது ஓர் உரிமையாளரோடும் ஓர் ஊரோடும் உறவுகொள்ளும் கணத்தில்தான் இருக்கிறது. நல்ல நேரம் பார்க்கும் வழக்கமும் அக்கணத்தையே நாடுகிறது. தொழிற்சாலையில் அந்த இயந்திரம் பூட்டப்பட்ட நாளின் நட்சத்திரத்தை எவரும் விசாரிப்பதில்லை.

இந்தியாவில் இரு கணக்குகள் உண்டு. உற்பத்தியாளர் சங்கமான சியாம், தொழிற்சாலைகளிலிருந்து முகவர்களுக்கு அனுப்பப்பட்டவற்றை எண்ணுகிறது. முகவர்களின் கூட்டமைப்பான ஃபாடா, வாடிக்கையாளர் பெயரில் பதிவானவற்றை எண்ணுகிறது. திருவிழாவை எதிர்பார்த்து முகவர்களின் களஞ்சியங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடுவதால் முதற்கணக்கில் பண்டிகை சில வாரம் முந்திவிடும். வாங்குபவரின் சமய மனம் இரண்டாவது கணக்கிலேயே தெளிவாகப் படியும். ஃபாடாவின் மாதாந்த அறிக்கைகளில் வட்டிவீதம், மழை, பயிர் விளைச்சல் ஆகியவற்றோடு நவராத்திரி, தீபாவளி, முன்னோர்க்குரிய மகாளயபட்சம் ஆகியனவும் காரணங்களாக இடம்பெறுவது வழக்கம். நவராத்திரி 2024இல் ஒக்டோபர் 3ஆம் திகதியும் 2025இல் செப்டெம்பர் 22ஆம் திகதியும் தொடங்கிற்று. சந்திரனைப் பின்பற்றும் விழா இவ்வாறு நகரும்போது, ஓராண்டின் செப்டெம்பரை முந்திய ஆண்டின் செப்டெம்பரோடு ஒப்பிடுபவர் இரு வேறு பருவங்களையே ஒப்பிடுகிறார். அதே 2025 செப்டெம்பர் 22ஆம் திகதியன்று சிறிய கார்களுக்கான சரக்கு சேவை வரியும் 28 வீதத்திலிருந்து 18 வீதமாகக் குறைக்கப்பட்டது. அம்பிகையின் நாளும் அரசின் நாளும் ஒன்றாயின. அடுத்துவந்த ஒக்டோபரில் நாடளாவிய சில்லறை விற்பனை 40 இலட்சம் வாகனங்களைத் தாண்டியபோது அதில் பக்திக்கு எத்தனை பங்கு, வரிக்கு எத்தனை பங்கு என்று பிரித்தறிய எந்தக் கணக்காலும் இயலவில்லை.

புள்ளியியலார் இத்தகைய இடர்ப்பாட்டைப் பருவச் சீராக்கம் என்னும் முறையால் தீர்க்க முயல்வர். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கங்களை மதிப்பிட்டுக் கழித்துவிட்டு, எஞ்சுவதையே சந்தையின் உண்மைப் போக்கு என்று கொள்வது அம்முறை. இதனுள் ஒரு தத்துவ நிலைப்பாடு மறைந்திருக்கிறது. திருநாள் என்பது நீக்கப்பட வேண்டிய இடையூறு, எவ்வகை நிறமும் இல்லாத தட்டையான காலமே மெய்யானது என்பது அந்நிலைப்பாடு. நம்பிக்கையாளரின் பார்வை இதற்கு நேர்மாறானது. அவருக்கு விரதநாளும் விழாநாளுமே ஆண்டின் எலும்புக்கூடு, எஞ்சிய நாள்கள் அதன்மேல் வளர்ந்த தசை. இவ்விரண்டில் எது மெய்க்காலம் என்பதைக் கணிதத்தால் முடிவுசெய்ய இயலாது. இதைக் கீழைத்தேய மூடநம்பிக்கை பற்றிய விவகாரமாகச் சுருக்குவதும் தவறாகும். பிரித்தானியாவில் மார்ச் 1ஆம் திகதியும் செப்டெம்பர் 1ஆம் திகதியும் பதிவிலக்கத் தகட்டின் ஆண்டுக்குறி மாறுவதால் அவ்விரு மாதங்களிலும் விற்பனை குவிவதும், அதற்கு முந்திய மாதங்கள் வறள்வதும் நெடுநாள் அறியப்பட்டவை; தெய்வத்தைப் பஞ்சாங்கத்திலிருந்து விலக்கிவிட்ட சமூகமும் தனக்கென நல்ல மாதங்களை உண்டாக்கிக்கொள்கிறது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த மாவட்டம் இவ்வினாவுக்கு அரியதொரு களம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவருள் எவரும் மக்கள்தொகையில் பாதியைத் தொடாத மாவட்டம் இது. நகரத்துச் சைவக் குடும்பங்கள் ஆடியிலும் மார்கழியிலும் புதிய வாகனத்தை வீட்டுக்கு எடுப்பதைத் தவிர்த்து, ஆவணிக்கோ தைக்கோ காத்திருக்கின்றன. கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள் நெகத் என்னும் சுபவேளையைக் கேட்டறிகின்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் முஸ்லிம்களுக்கு ஆடி மற்றெந்த மாதத்தையும் போன்றதே. கொழும்பிலிருந்து வெளிவரும் தேசியத் தொகையில் இந்நாட்காட்டிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுவதால், ஒரு தமிழூரின் விற்பனையாளர் தன் ஏட்டில் காணும் ஆடிப் பள்ளம் நாட்டின் எண்ணில் கரைந்துபோகிறது.

ஆயினும் இம்மாவட்டத்தின் சமயங்கள் எவற்றின் மூலநூல்களிலும் நாள்களுக்குத் தனியாற்றல் உண்டு என்ற கொள்கைக்கு உறுதியான ஆதரவு கிடைப்பதில்லை என்பதே கவனிக்கத்தக்கது. கோணேசர் மலையைப் பாடிய திருஞானசம்பந்தரே, திருமறைக்காட்டில் கோளறு பதிகம் என்று வழங்கும் பதிகத்தையும் பாடியவர். பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று அவர் மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை தீயது என்று திருநாவுக்கரசர் தடுத்ததாகவும், இறைவனை உள்ளத்தில் கொண்ட அடியாருக்கு எல்லாக் கோளும் நன்மையே செய்யும் என்ற கருத்தமையப் பாடிவிட்டு அவர் புறப்பட்டதாகவும் சேக்கிழார் உரைக்கிறார். பௌத்தர்களின் சாதகக் கதைகளில் நட்சத்திர சாதகம் என்று ஒன்று உண்டு. ஆசீவகத் துறவி ஒருவர் நாள் சரியில்லை என்று கூறியதைக் கேட்டு மணமகன் வீட்டார் குறித்த நாளில் போகாதிருக்க, பெண் வீட்டார் அவளை வேறொருவனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிடுகின்றனர். இசுலாத்தில் சகுனம் பார்ப்பதும் ஸஃபர் மாதத்தைத் தீய மாதமாகக் கருதுவதும் நபிமொழிகளால் மறுக்கப்பட்டுள்ளன. ஷவ்வால் மாதத்துத் திருமணம் ஆகாது என்ற பழைய அரபு எண்ணத்துக்கு எதிராக, தம் திருமணம் அம்மாதத்திலேயே நடந்தது என்பதை ஆயிஷா நாயகியார் எடுத்துக்காட்டியமை முஸ்லிம் அவர்களின் தொகுப்பில் பதிவாகியுள்ளது. கிறித்தவருக்கோ, நாளையும் மாதத்தையும் பேணிப் பின்பற்றும் பழக்கத்துக்குத் திரும்பியோரைப் புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் கடிந்துகொண்டது நன்கு தெரியும்.

இத்தனை மறுப்புகளுக்குப் பின்னும் வழக்கம் நிலைத்திருப்பதற்கு உழவுப் பொருளாதாரம் காரணம் எனக் கூறுவோர் உளர். ஆடி விதைப்பு மாதம், கையிருப்புக் குறைந்த மாதம். தை அறுவடை மாதம், பணம் புழங்கும் மாதம். ஆகவே வசதியின்மை காலப்போக்கில் தோஷமாயிற்று என்பது அவர்களின் விளக்கம். காவிரிப் படுகைக்கு இது பொருந்தலாம். திருகோணமலைக்கு இது பாதியளவே பொருந்தும். வடகீழ்ப் பருவமழையை நம்பிய பெரும்போகம் இங்கே ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் விதைக்கப்பட்டுப் பெப்ரவரி, மார்ச்சில் அறுவடையாவதால், தை, மாசிக் கொள்வனவுக்குத் தம்பலகாமத்து வயல்களில் காரணம் உண்டு. ஆனால் ஆடியில் இங்கே விதைப்பு இல்லை. குளத்துநீர் பாயும் இடங்களில் சிறுபோகப் பயிர் கதிர்முற்றி அறுவடைக்கு அண்மிக்கும் காலம் அது. நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் கடல் அடங்கி மீன்பிடிக்கு இசைந்திருக்கும் காலமும் அதுவே. மண்ணும் கடலும் தடைசொல்லாத ஒரு மாதத்தை இவ்வூர்ச் சைவர் தவிர்ப்பதற்குக் காரணம் பொருளாதாரமன்று. ஏட்டின் வழியாகவும் மரபின் வழியாகவும் வந்த சமய உணர்வே. அதனை வேறொன்றாகக் குறைத்துக் காட்டாமல் அதன் சொந்த மொழியிலேயே ஆராய்வதுதான் நேர்மையாகும்.

சைவ சித்தாந்தம் உலகத்தை முப்பத்தாறு தத்துவங்களாக வகுக்கிறது. அவற்றுள் வித்தியா தத்துவம் எனப்படும் ஏழனுள் காலம் ஒன்று, நியதி மற்றொன்று. காலம் உயிரின் நுகர்ச்சிக்கு முன், இப்போது, பின் என்ற எல்லையை வகுப்பது. நியதி, அவரவர் செய்த வினையின் பயன் அவரவரையே சென்றடையுமாறு வரையறுப்பது. இரண்டும் மாயையிலிருந்து தோன்றியவை. ஆதலால் சடம், அதாவது அறிவற்ற பொருள். சடப்பொருள் தானாக ஒருவரைத் தெரிந்தெடுத்துத் தண்டிக்கவோ வாழவைக்கவோ மாட்டாது, வினையும் காலமும் பயன்தருவது இறைவனின் ஆணையால் மட்டுமே என்பது மெய்கண்டார் மரபின் அடிப்படை. இவ்வகையில் இராகுகாலத்துக்குத் தீங்குசெய்யும் ஆற்றலைத் தன்னியல்பாகவே உரிமையாக்குவது, சடத்துக்கு அறிவைக் கொடுக்கும் பிழையாகிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஈழத்தில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்ற இரண்டும் வழக்கில் உள்ளன. முன்னது பழைய வாய்பாடுகளின்படியும் பின்னது கோள்களின் இன்றைய கணிப்பின்படியும் அமைவதால், சிலவேளை விழாநாள்கூட வேறுபடுகிறது. ஒரே நாளை ஓரேடு ஏற்கவும் மற்றோரேடு விலக்கவும் கூடுமாயின், நன்மை அந்நாளின் உடலிலேயே பதிந்த குணம் என்று சாதிக்க இயலாது.

எனின், ஆகமங்கள் பூசைக்குக் காலங்களை வகுத்திருப்பதும், பிரதோஷமும் சிவராத்திரியும் போற்றப்படுவதும் எதற்காக? நாளை ஓர் ஆற்றலாக அஞ்சுவதும், நாளை ஒரு காணிக்கையாகக் கொடுப்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பினும் உள்ளத்தில் முற்றிலும் வேறானவை. ஆடி விலக்கப்பட்டது அது கெட்டது என்பதாலன்று. அம்மன் கோவில்களுக்குரிய மாதம் அது. ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செய்யும் மாதம். மார்கழியோ விடியற்காலையில் திருவெம்பாவை ஓதித் திருவாதிரைக்குக் காத்திருக்கும் மாதம். இம்மாதங்களில் கொள்வதும் கொடுப்பதும் சற்று ஓயட்டும் என்று ஒரு சமூகம் தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஓய்வே, பின்னாளில் பொருள் மறந்து, ஆகாத மாதம் என்ற அச்சமாகத் திரிந்தது. இவ்விளக்கம் சரியாயின், விற்பனை வரைபடத்தில் சமயத்தின் கையெழுத்தை விழாக்கால உச்சியில் தேடுவது போதாது. உச்சியில் தள்ளுபடியும் போனசும் விளம்பரமும் கலந்திருக்கும். வாங்கக் கூடிய பணமும் வாங்கும் விருப்பமும் இருந்தும் வாங்காது விட்ட பள்ளத்திலேயே தூய்மையான சமயச்செயல் இருக்கிறது. தமிழகத்து வணிகர் ஆடித் தள்ளுபடியால் அப்பள்ளத்தை நிரப்ப எடுத்த முயற்சியின் வெற்றி, இவ்வகையில் ஓர் இழப்பாகவே கருதத்தக்கது.

தானாகக் கொடுத்த வெறுமைக்கும் பிறரால் சுமத்தப்பட்ட வெறுமைக்கும் உள்ள வேறுபாட்டை அண்மைக்கால இலங்கையைப் போலக் கடுமையாகக் கற்ற நாடு வேறில்லை எனலாம். வரிக்குறைப்பும் குறைந்த வட்டியும் நிலவிய 2015இல் இந்நாட்டின் புதிய பதிவுகள் 6 இலட்சத்து 60 ஆயிரத்தையும் தாண்டின. 2019இல் ஏறக்குறைய 3 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்தன. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன்பின் ஆவணியும் ஆடியும் ஒன்றே, விசயதசமியும் அட்டமியும் ஒன்றே; மாதாந்தக் கணக்கிலிருந்து பருவம் என்பதே அழிந்தது. பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. யூன் இறுதியில் அத்தியாவசிய சேவை அல்லாதோருக்கு எரிபொருள் வழங்குவதும் நிறுத்தப்பட்டது. சீனக்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தையொட்டி அமைத்த 99 பெரிய எண்ணெய்த் தாங்கிகளைத் தன் எல்லைக்குள் கொண்ட மாவட்டத்திலேயே, ஓட்டோக்காரர் வரிசையில் இரவு கழித்தனர். விரதம் இருப்பவனின் வயிறும் உணவில்லாதவனின் வயிறும் ஒரே அளவு வெறுமையாக இருந்தாலும், அவற்றை ஒன்றென்று எந்தச் சமயமும் சொல்லவில்லை. அந்த ஐந்தாண்டுப் பள்ளத்தில் சமயப்பேறு எதுவும் இல்லை. கொடுப்பதற்குத் தெரிவு இல்லாத இடத்தில் காணிக்கையும் இல்லை. மக்கள் பஞ்சாங்கத்தின் கையில் இருப்பதாக எண்ணிய காலம், டொலரின் கையிலும் வர்த்தமானி அறிவித்தலின் கையிலும் இருந்தது வெளிப்பட்டதே அக்காலத்தின் பெரும்பாடம்.

பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு 2024 டிசம்பரிலும், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதியிலும் தடை நீங்கியது. அன்று தை மாதம். அதில் தெய்வக் குறிப்பைக் காண்போர் கண்டிருக்கலாம். ஆனால் அந்நாளைத் தெரிந்தெடுத்தது கையிருப்புச் செலாவணி பற்றிய கணிப்பேயன்றி வேறன்று. திறந்த கதவினூடே வந்த வாகனங்களின் விலையோ, உற்பத்தி வரி, சுங்க மேலதிகக் கட்டணம், சொகுசு வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி எனப் படிப்படியாக ஏறி, நடுத்தரக் குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பையும் கடந்து நின்றது. மீளப்பெற முடியாத அளவு பெரியதொரு செலவைச் செய்யும் மனிதன் தன் அறிவுக்கு அப்பாற்பட்ட ஒன்றின் ஒப்புதலை நாடுவது இயல்பு. அந்நடுக்கத்தை ஏளனம் செய்வது அறிவுடைமையாகாது.

கோவில் வாசலில் புதிய முச்சக்கர வண்டி ஒன்று நிறுத்தப்படும் வேளையைக் கவனித்தால் இது விளங்கும். இருக்கையின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படாதிருக்கும். முன்கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் விரல் பதித்த வடுவோடு ஈரமாக இருக்கும். மூன்று சில்லுகளின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிய பின், ஐயர் தலையசைத்ததும் வண்டி ஒரு முழம் முன்னகர்ந்து பழங்களை நசுக்கும். குடும்பம் முழுவதும் அந்த ஒரு முழத்தையே பார்த்து நிற்கும். அந்த வண்டியின் சிறு பெட்டிக்குள் லீசிங் நிறுவனத்தின் தவணை அட்டவணையும் இருக்கும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை நீளும் அவ்வட்டவணைக்கு ஆடி தெரியாது, மார்கழி தெரியாது, கரிநாள் தெரியாது.

இவ்விடத்தில் கிண்ணியாவின் முஸ்லிம் வணிகர் கேட்கும் கேள்வி சைவருக்கும் உதவக்கூடியது. அவர் நாளைப் பற்றிக் கேட்பதில்லை. ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கிறார். வட்டி விலக்கப்பட்டதாகையால், வங்கி வாகனத்தைத் தான் வாங்கி அறிவித்த இலாபத்தோடு மறுவிற்பனை செய்யும் முராபஹா, அல்லது தன் உடைமையாக வைத்து வாடகைக்கு விடும் இஜாரா என்னும் முறைகளில் எது தமக்கு ஆகும் என்று ஆராய்கிறார். 2011இலிருந்து இலங்கையில் இயங்கும் அமானா வங்கி இத்தேவையை முன்னிட்டே எழுந்தது. சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கும்: பல பிறவிகளில் சேர்ந்த தொகுதி சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவிக்கென முகந்துகொண்டது பிராரத்தம், இப்போது புதிதாகச் செய்யப்படுவது ஆகாமியம். நாள் பார்ப்பவரின் கவலை பிராரத்தத்தைப் பற்றியது. அதுவோ நாளை மாற்றுவதால் மாறாதது. கையெழுத்திடும் ஒப்பந்தம் நேர்மையானதா, தவணையைக் கட்டப் பிள்ளைகளின் படிப்பு பலியாகுமா, மட்டக்களப்பு வீதியில் இரவில் எவ்வேகத்தில் ஓட்டப்படும் என்பன ஆகாமியத்தைச் சேர்ந்தவை; உயிரின் கையில் இருப்பவை இவை மட்டுமே. இவற்றைப் பற்றி ஐயரிடமோ சோதிடரிடமோ எவரும் கேட்காதிருப்பதே வருந்தத்தக்கது.

கோளறு பதிகத்தைப் புதிய வாகனத்துக்குரிய காப்புப் பாடலாக மட்டும் ஓதுவோர் அதன் பின்கதையையும் முழுமையாக நினைக்க வேண்டும். தீய கோள்நிலையில் புறப்பட்ட சம்பந்தர் மதுரையை அடைந்த இரவிலேயே அவரும் அடியாரும் தங்கிய திருமடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. பதிகம் அத்தீயைத் தடுக்கவில்லை. அதனை எதிர்கொள்ளும் நிலையில் பாடியவரை வைத்திருந்தது. சேக்கிழார் இந்நிகழ்ச்சியை மறைக்காமல் விரித்தே பாடுகிறார். புறப்பட்ட நாள் சரியில்லாததால் வந்த வினை இது என்று இடித்துரைக்கும் குரல் எதுவும் அவர் பாடிய புராணத்தில் எழுவதில்லை.